மூன்று பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி?

பொள்ளாச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

இங்கே அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம்தானே? அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். பாப்பாவுக்குக் காது மூடிய குல்லா போட்டே வெளியே எடுத்துச் செல்.

ஜீப் போல உயரமாக நாங்கள் வாங்கிய புதுக் காரைப் பற்றிச் சென்ற வாரம் போனில், "வயதான மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கம்மா இவ்வளவு பெரிய வண்டி?" என்று கேட்டாய். அதற்குள் பாப்பா அழ, நீ வைத்துவிட்டாய். போனில் இரண்டு வரியில் முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், வண்டி பெரியது இல்லை. படத்தில் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். நீளம் 3,995 மில்லிமீட்டர். ஷோரூம்களில் நாங்கள் பார்த்த பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட் கார்கள் எல்லாமே அதே 3,995தான். நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவு. நான்கு மீட்டரைத் தாண்டினால் வரி ஏறிவிடும். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சிதம்பரம் சிறிய கார்களுக்கு வரியைக் குறைத்தபோது வகுத்த அளவு அது. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். இப்போது ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கோடு அப்படியே நிற்கிறது. 2025 செப்டம்பரில் அந்த வகைக்கு வரி 18 சதவீதமாக இறங்கியது. அதுவரை பொறு என்று அப்பாவைப் பிடித்து வைத்திருந்தவள் நான்தான். நம் ஊர்ச் சாலை வரியையும் கணக்குப் பார்த்தேன். வண்டி விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் அதுவும் ஏறிவிடும். ஆகவே மேல்வகை வேண்டாம், நடுவகை போதும் என்று முடிவு செய்தேன். கூரையில் கண்ணாடி திறக்கும் வசதி அதில் கிடையாது. பங்குனி வெயிலில் பொள்ளாச்சியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே போவது? ஆறு ஏர்பேக் இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அப்பாவின் முழங்கால்.

அறுவை சிகிச்சை முடிந்ததும் பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் முதலில் சொன்னதே, தாழ்வான இடத்தில் உட்காராதீர்கள் என்பதுதான். வீட்டில் சோபாவை ஒதுக்கிவிட்டு உயரமான நாற்காலி போட்டோம். காரை என்ன செய்வது? ஆல்டோ நமக்கு எத்தனையோ வருடம் உழைத்த வண்டி. அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நீ கல்லூரிக்குப் போனதும், உன் கல்யாணப் பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதில்தான். ஆனால் அதன் இருக்கை தரையை ஒட்டியது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, முழங்காலை முழுவதும் மடக்கி உள்ளே இறங்க வேண்டும். வெளியே வரும்போது நான் ஓடிப்போய்க் கை கொடுக்க வேண்டும். ஒரு முறை மருத்துவமனை வாசலில் இரண்டு இளைஞர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு, "நான் எதற்கு? நீ மட்டும் போய் வா" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லத் தொடங்கினார். உறவில் நடந்த வளைகாப்புக்கு வரவில்லை. மாசாணியம்மன் கோயிலுக்கு வரவில்லை. தோப்புக்கே போவதை நிறுத்திவிட்டார், கண்ணு. தோப்பைப் பார்க்காமல் உன் அப்பா எப்படி இருப்பார் என்பது உனக்குத் தெரியும்.

இந்த வகை வண்டியில் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், அப்படியே உட்காருகிறார், இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புகிறார். இறங்கும்போதும் அப்படித்தான். இறங்குவதும் இல்லை, எழுந்து நிற்கிறார். யார் கையும் தேவைப்படவில்லை. ஷோரூமில் விற்பனைக்கு நின்ற தம்பி திரையையும் பாட்டுப்பெட்டியையும் காட்டிக்கொண்டே இருந்தார். நான் அப்பாவையும் அப்பத்தாவையும் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்டி எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கதவுக்குக் கீழே இருக்கும் பட்டை உயரம், காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்பத்தாவுக்கு மட்டும் இந்த உயரமே கொஞ்சம் அதிகம். அவர் உயரம் உனக்குத் தெரியுமே. ஆசாரியிடம் சொல்லி ஒரு சின்ன மர முக்காலி செய்து பின்பக்கம் போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஏறி, மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பெல்ட் போடத்தான் மறுக்கிறார், கழுத்தை அறுக்கிறதாம். உண்மையிலேயே அவர் உயரத்துக்குப் பட்டை கழுத்தில்தான் வந்து விழுந்தது. ஒரு தடித்த மெத்தையை அடியில் போட்டு உயர்த்திப் பார்த்தேன், ஆனால் மெத்தை வழுக்குகிறது, அது ஆபத்து. இப்போது நடுவில் உட்காராமல் ஓரமாக, கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார வைக்கிறேன். பட்டை தோளில் சரியாக விழுகிறது. பெல்ட் மாட்டிய சத்தம் கேட்காமல் நான் சாவியைத் திருப்புவது இல்லை. ஏர்பேக் எத்தனை இருந்தாலும் பெல்ட் போட்ட உடம்பை நினைத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

தோப்புப் பாதையைச் சொல்ல வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால் பாலம் தாண்டியதும் மண் தடம், நடுவில் மேடு. ஆல்டோவின் அடிவயிறு அந்த மேட்டில் உரசும் சத்தம் உனக்கு நினைவிருக்கும். அதன் தரை இடைவெளி 160 மில்லிமீட்டர், இதில் 195. கையால் அளந்தால் இரண்டு விரல் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் இப்போது உரசுவது இல்லை. நம் ஊர் வேகத்தடைகளிலும் அப்படியே. அதற்காகச் சேற்றில் இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பார்க்க ஜீப் போல இருந்தாலும் இதில் என்ஜினின் இழுவை முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும்தான். ஐப்பசி மழை பெய்து களிமண் இளகிவிட்டால் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நான் நடக்கிறேன், அப்பா வண்டியிலேயே இருந்து ஆட்களை வரச்சொல்லிப் பேசுகிறார். மற்ற நாட்களில் மோட்டார் அறை வரைக்கும் போய்விடுகிறோம். மரத்தடியில் மட்டும் நிறுத்துவது கிடையாது. காய்ந்த மட்டை விழுந்தாலே கண்ணாடி போய்விடும், தேங்காயைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை.

வால்பாறைக்குப் போய் வந்தோம். அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அப்பா தானாகவே "போகலாமா?" என்றார். நான்தான் ஓட்டினேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறும்போது, வளைவில் நின்று திரும்பக் கிளம்பினால் வண்டி பின்னால் உருளாமல் இரண்டு மூன்று விநாடி தானே பிடித்துக்கொள்கிறது. அதற்குள் கால் ஆக்சிலரேட்டருக்கு வந்துவிடலாம். அந்த ஒரு வசதிக்கே இந்த வண்டியை வாங்கலாம் என்று நினைத்தேன். ஒன்பதாவது வளைவில் நிறுத்தினோம். கீழே அணையின் நீர், பாறையில் இரண்டு வரையாடுகள். அப்பா தானாக இறங்கிச் சுவரோரம் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மேலே போகவே இல்லை. ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி என்பதை இன்று யாரும் மதிப்பதில்லை, நான் மதிக்கிறேன். உயரமான வண்டி என்பதால் வளைவில் ஆல்டோவைவிட அதிகமாகச் சாய்கிறது. அப்பத்தாவுக்கு வயிறு புரட்டாமல் இருக்க வேண்டுமானால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் போடக் கூடாது. இதை மாப்பிள்ளையிடமும் சொல். இங்கே வந்தால் அவர்தான் ஓட்டுவேன் என்பார்.

பிடிக்காதவையும் இருக்கின்றன. ஏ.சி.யைக் கூட்டவும் குறைக்கவும் திரையைத் தொட வேண்டியிருக்கிறது. திருகினால் திரும்பும் குமிழ் இருந்தால் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் கையாலேயே செய்யலாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் உடுமலைச் சாலையில் சாயங்கால நேரத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. பின்பக்கத் தூண் தடிமனாக இருப்பதால் குறுக்கே வரும் இருசக்கர வண்டி மறைந்துவிடுகிறது, மழையில் பின்கேமராவில் சேறு படிந்துவிடுகிறது. நம் சந்துக்குள் திருப்பும்போது நான் கண்ணாடியை இறக்கிக் காதால் கேட்டுக்கொண்டுதான் பின்னால் எடுக்கிறேன். ஆல்டோ 1,490 மில்லிமீட்டர் அகலம், இது ஒரு சாணுக்கும் மேலே கூடுதல், நம் கேட் அப்படியேதான் இருக்கிறது. பெட்ரோல் ஊருக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு, கோவை நான்குவழிச் சாலையில் பதினேழுக்குக் கிட்டத்தட்ட. ஆல்டோவை நினைத்தால் மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது. ஆனால் அப்பாவை ஏற்றி இறக்க டாக்சிக்குக் கொடுத்த பணத்தையும் அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அந்தப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மாதத் தவணைக்கு நீ பணம் அனுப்பாதே. மாப்பிள்ளையையும் அனுப்ப வேண்டாம் என்று சொல். தேங்காய் விலை நன்றாக இருந்தபோது எடுத்து வைத்தது முன்பணத்துக்குப் போயிற்று, மீதிக்கு என் ஓய்வூதியம் போதும். நீ வரும்போது ஓட்டுவதற்கோ, ஊரார் பார்ப்பதற்கோ வாங்கிய வண்டி இல்லை இது. யாரையும் எதிர்பார்க்காமல் நாங்கள் மூவரும் வெளியே போக வாங்கியது. உன் பணத்தில் வாங்கினால் அப்பா மறுபடியும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்.

தை மாதம் நீங்கள் வருகிறபோது கோவை விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். பாப்பாவின் இருக்கையை அங்கிருந்தே கொண்டுவா. பின்சீட்டில் இரண்டு ஓரத்திலும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, அங்கே உங்கள் காரில் இருக்கிற அதே அளவுதான், கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டேன். அந்த இருக்கைக்குத் தரையில் ஊன்றும் கால் இருக்கிறதா, அல்லது மேலே மாட்டும் பட்டையா என்று மட்டும் எழுது. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அப்பத்தா நிச்சயம் கேட்பார். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பாப்பாவின் இருக்கை ஒரு பக்கம், அப்பத்தா ஒரு பக்கம், நடுவில் நீ, முன்னால் மாப்பிள்ளை. அப்பா அன்று வீட்டில் இருந்து சமையலைப் பார்த்துக்கொள்வார். டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு நிற்கும், மூன்றாவது நிற்காது. முக்காலிக்கும் இடம் வேண்டும். பெட்டிகளின் நீள அகலத்தை அளந்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா