பாண்டிக்கு, வாடிப்பட்டியிலிருந்து

அன்புள்ள பாண்டி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "அம்மாவுக்கு ராத்திரியில் ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாய்?" என்று கேட்டிருந்தாய். பதில் எழுதலாம் என்று உட்கார்ந்த அன்றைக்கே என் தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது. பதறாதே, இப்போது எழுந்து நடமாடுகிறான்.

முறைத்தண்ணீர் வந்த ராத்திரி. மடை திருப்பப் போனவன் டார்ச் லைட் எடுத்துப் போகவில்லை. கண்ணாடி விரியன். அதற்கப்புறம் நாங்கள் செய்த கூத்தைக் கேள். வாசலில் கார் நிற்கிறதே என்று 108-ஐக் கூப்பிடவில்லை. மச்சான் வேறு, "பிரைவேட்டுக்குப் போனால்தான் உடனே பார்ப்பார்கள்" என்றார். வாடிப்பட்டி அரசு மருத்துவமனையைத் தாண்டி மதுரைக்கு ஓட்டினோம். நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை; பெயர் வேண்டாம். முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். முக்கால் மணி நேரம் போனபிறகு, "விஷமுறிவு மருந்து இருப்பு இல்லை, அரசு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார்கள். மச்சான் அன்றைக்கு மூடிய வாயை இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் தம்பியின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார்கள். சாய்த்துப் பார்த்தால் தண்ணீராக ஓடியது, உறையவே இல்லை. உடனே 10 குப்பி மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அதற்குப் பணம் கிடையாது. விரியன் விஷம் சிறுநீரகத்தில் இறங்கும் என்பதால், தினமும் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து குறித்தார்கள். அங்கிருந்த டாக்டர் பெண் கேட்ட கேள்விதான் இன்னும் உறுத்துகிறது: "வாடிப்பட்டியிலேயே இந்த மருந்து இருக்குமே, அங்கே ஏன் போகவில்லை?"

ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட வைத்திருக்கிறார்களாம். 108-ஐக் கூப்பிட்டிருந்தால், எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை வண்டியில் வரும் மருத்துவ உதவியாளரே சொல்லியிருப்பார். 2008-லிருந்து ஓடுகிற வண்டி. நமக்குத்தான் புத்தி ஓடவில்லை.

சரி, உன் அம்மா விஷயம். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு அலைய வேண்டியதில்லை. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தபிறகு, ஒரு பெண் வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போதும்; அரசு ஆஸ்பத்திரி இல்லைதான், ஆனால் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியதிலிருந்து, காசு இல்லாதவர்களுக்கும் அங்கே கண் அறுவை நடக்கிறது. தனியார் என்றாலே திட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே. நெஞ்சுவலி, மயக்கம் என்றால் மட்டும் யோசிக்காமல் 108 தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு விஏஓவிடம் வருமானச் சான்று கேட்டிருக்கிறேன். அட்டை வந்துவிட்டால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை பார்த்துக்கொள்ளலாம். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் நான், கவலைப்படாதே.

நீ வரும்போது நான்குவழிச் சாலையில் மெதுவாக வா. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. அதற்காக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நேற்று உன் வீட்டுச் சுவரில், போனுக்கு மேலே, 108 என்று பெரிதாக எழுதி, கீழே என் நம்பரையும் எழுதினேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு அடித்து ஒரு மாசம்கூட ஆகலையேப்பா" என்றார்கள்.

அன்புடன்,
செல்வம்