பிளான் கீறியாயிற்று, காணி பிரிந்துவிட்டதா?

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் நில அளவைக் காரியாலயத்துக்கு வருகிற பலர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். “சேவையர் பிளான் கீறித் தந்தார், நொத்தாரிசும் உறுதி முடித்தார். இப்ப வீடு கட்ட விண்ணப்பம் போட்டால் சபை ஏன் மறிக்குது?” லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கூப்பிடுகிற பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். எல்லாரும் ஆறுதலாக வாசிக்கும்படி பதிலை இங்கே எழுதுகிறோம்.

உறுதி என்பது காணி யாருக்குரியது என்று சொல்லும் ஆவணம். அளவைப் படம் அந்தக் காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும். ஆனால் ஒரு துண்டைத் தனிக் காணியாகப் பிரிக்கலாமா, அங்கே ஒருவர் வழியோடும் நல்ல தண்ணீரோடும் குடியிருக்க முடியுமா என்று பார்த்துச் சம்மதம் தரும் பொறுப்பு உள்ளூராட்சி சபைக்கு உரியது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி, பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில் காணியைத் துண்டாக்குவதும் ஓர் அபிவிருத்தி வேலைதான். அதற்கும் அனுமதி வேண்டும். அந்த அதிகாரத்தை உள்ளூராட்சி சபைகளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். அதனால்தான் விண்ணப்பத்தை மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ கொடுக்கிறோம். விற்பனைக்குப் பிரித்தாலும் சரி, சகோதரங்களுக்குள் பிரித்தாலும் சரி, இதில் வேறுபாடு இல்லை. “எங்கட வீட்டுக்குள்ள பிரிக்கிறதுக்கு ஏன் சபை?” என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இனி, அதிகம் மனக்கசப்பு வரும் இடத்துக்கு வருவோம். அது ஒழுங்கை, அதாவது வீதியிலிருந்து உள்துண்டுகளுக்குப் போகும் ஒடுங்கிய வழி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோண்டாவில் பக்கம் 6 பரப்புக் காணி (ஒரு பரப்பு ஏறக்குறைய 2,722 சதுர அடி). வீதியோரம் 60 அடி அகலம், உள்ளே 272 அடி நீளம். மூன்று பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு பரப்பு என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். நீளவாக்கில் மூன்றாகக் கீறினால் ஒவ்வொருவருக்கும் 20 அடி அகலத்தில் ஒரு நீண்ட நாடா கிடைக்கும். வீதிமுகப்பு எல்லாருக்கும் உண்டு. ஆனால் பக்கத்தில் இடைவெளி விட்டு 20 அடிக்குள் வீட்டை எப்படி எழுப்புவது? குறுக்கே பிரித்தால் வீட்டுக்கு ஏற்ற வடிவம் வரும். ஆனால் பின்னால் இருக்கும் இரண்டு துண்டுக்கும் வழி வேண்டும். 10 அடி ஒழுங்கை ஒன்றை 190 அடியளவுக்கு உள்ளே கொண்டு போனால் ஏறக்குறைய 13 குழி அதற்கே போய்விடும். நம் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு. ஆக மொத்தம் 108 குழி. ஒழுங்கை போக மிச்சத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 1 பரப்பு 14 குழிக்கும் சற்றுக் குறைவு. அம்மா சொன்ன இரண்டு பரப்பு அந்தக் காணியில் யாருக்குமே இல்லை.

இதைப் பிளான் கீறும் முன் எல்லாரும் ஒன்றாக இருந்து பேசினால் பெரும்பாலும் பிரச்சினை வராது. முன்துண்டுக்காரர், “என்ர காணி வீதியைப் பார்த்தது, நான் ஏன் ஒழுங்கைக்கு விட வேணும்?” என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். முன்துண்டு கொஞ்சம் சிறிதாக இருந்தாலும் விலை கூடியது என்பதையும் அந்த இடத்திலேயே பேசித் தீர்க்கலாம். கல் நட்டு, மதில் எழும்பி, மூத்தவர் தன் பங்கை நன்கொடை உறுதியாக மகளுக்கு எழுதிய பிறகு சபை “வழி அகலம் போதாது” என்றால், இடிக்கவேண்டியது மதிலை மட்டுமல்ல. அந்தப் படங்களைத் திருத்தித் தரும்படி கேட்டு வரும் குடும்பங்களின் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கவலையாக இருக்கும்.

துண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒழுங்கையின் அகலமும் கூடவேண்டும். பிறகு காணியை இன்னும் பிரிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மூன்று துண்டுக்குப் போட்ட வழி எட்டுத் துண்டுக்குப் போதாமல் போகலாம். அம்புலன்ஸ் உள்ளே வரவேண்டும். மலகூடக் குழி நிறைந்தால் பவுசர் வரவேண்டும். அப்புறம், உறுதியில் ஒழுங்கைத் துண்டின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, அதில் ஒவ்வொருவருக்கும் உள்ள வழியுரிமையைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். “வழமைபோல் வழி” என்ற ஒரு வரி நாளைக்குக் காணி கைமாறும்போது வழக்காகிவிடும்.

அடுத்தது கிணறு. நம் பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருப்பார்கள். பிரிக்கும்போது அந்தக் கிணறு யார் துண்டுக்குள் விழுகிறது, மற்றவர்கள் எப்படிப் போய்த் தண்ணீர் எடுப்பார்கள் என்பதைப் படத்திலேயே காட்டுவோம். அதைவிட முக்கியமானது தண்ணீரின் சுத்தம். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளுக்குள்ளால் கழிவுநீர் இலகுவாக இறங்கிக் கிணற்றைச் சேரும். ஒரு பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடிதான். அதற்குள் வீடு, மலகூடக் குழி, கிணறு மூன்றும் வரவேண்டும். உங்கள் குழியை உங்கள் கிணற்றிலிருந்து தள்ளி வைக்கலாம். ஆனால் அது பக்கத்து வளவுக் கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இதைக் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். குடிக்கிற தண்ணீர் எல்லாருக்கும் ஒரே நிலத்தடியிலிருந்துதான் வருகிறது.

குறைந்த அளவு பற்றியும் கேட்கிறீர்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொதுவான விதிப்படி ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் 11 குழிக்குச் சற்றுக் குறைவு. அந்த இடத்துக்கான அபிவிருத்தித் திட்டம் இதைவிடக் கூடச் சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் காணியை அந்த அளவுக்குச் சிறிதாக்க வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். மேலே சொன்ன கிணற்றுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய முப்பத்தொன்பதரைப் பரப்புக்கு, மேற்பட்ட காணியைப் பிரிப்பவர்கள் வீதிகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும்.

வயல் காணி என்றால் முதலில் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. சபை படத்தை ஏற்றாலும் இது தனி விடயம். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை போலக் கடற்கரையோரக் காணி என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்மதமும் தேவைப்படலாம். இன்னொன்று, பழைய உறுதிகளில் நெற்பரப்பு, வரகுப் பரப்பு என்று இருவகை அளவு வரும். இரண்டும் ஒன்றல்ல. உறுதியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து விலை பேசவேண்டாம்.

வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளுக்கு ஒரு சொல். வேலியும் கதியாலும் மதிலும் அழிந்த இடங்களில் பழைய அளவைப் படமும், தூர்ந்து கிடக்கும் கிணற்றின் விளிம்பும்தான் எங்களுக்குப் பிடிமானம். எவ்வளவு மங்கிய பிரதியாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். அயல் காணிக்காரர் அளக்கும்போது பக்கத்தில் நிற்பது மிகவும் உதவும்.

வேலை நடக்கும் முறை இதுதான். நாங்கள் முதலில் காணியை அளந்து, பிரிக்கும் வகையைப் பென்சிலில் கீறிக் காட்டுவோம். குடும்பம் சம்மதித்த பிறகே இறுதிப் படம். அதன்பின் விண்ணப்பப் படிவம், உறுதிப் பிரதி, சபைக்குச் சோலைவரி (ஆதன வரி) கட்டிய பற்றுச்சீட்டு, படத்தின் பிரதிகள் எல்லாம் சபைக்குப் போகும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணிக்கு வந்து பார்ப்பார். திட்டமிடல் குழு சம்மதித்தால் படத்தில் முத்திரையும் கையொப்பமும் விழும். சபைக்குரிய கட்டணத்தை நீங்களே நேரில் கட்டி, உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எங்கள் கையில் தரவேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் அற்றோனித் தத்துவத்தை, அதாவது தங்களுக்காக இங்கே ஒருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரத்தை, முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். அதில் பிரிவிடல் படத்துக்கும் சபை விண்ணப்பத்துக்கும் கையொப்பமிடும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். விற்கும் அதிகாரம் மட்டும் எழுதி வந்த பத்திரத்தால் பல குடும்பங்களின் வேலை நின்றுபோகிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் கூட்டுரிமைக்காரருக்கும் உரித்தாளருக்கும் முற்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாங்களே வாங்கும் உரிமை, உண்டு. அதையும் நொத்தாரிசுதான் பார்த்துச் சொல்லவேண்டும்.

அட்வான்ஸ் வாங்கும் முன், கல் நடும் முன், உறுதி முடிக்கும் முன் ஒருமுறை வந்து பேசுங்கள். வரும்போது உறுதியையும் பழைய படத்தையும் கொண்டு வாருங்கள். முதல் பேச்சுக்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
காரியாலயத்தார்
யாழ்ப்பாணம்