வெட்ஸ்லார் மாவட்டம்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. நடையை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம்.

மருமகன் வீட்டு வம்சாவளியைத் தொகுக்கக் கிளம்பிவிட்டாய்! லேசில் விடாது அது. அவருடைய கொள்ளுத்தாத்தா 1884-இல் க்ரோஃப்டோர்ஃப் கிராமத்தில் பிறந்தவர், பழைய தாளில் 'வெட்ஸ்லார் மாவட்டம், ரைன் மாகாணம்' என்று இருக்கிறது, இன்றைய வரைபடமோ 'கீசென் மாவட்டம், ஹெஸ்ஸன் மாநிலம்' என்கிறது, எது தப்பு என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரி. ஊர் நகரவில்லை, அதைச் சுற்றியிருந்த கோடுகள்தான் நகர்ந்தன.

வெட்ஸ்லார் முதலில் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரம். ஜெர்மானியப் பேரரசின் உச்ச நீதிமன்றம் 1693 முதல் 1806 வரை அங்கேதான் இயங்கியது. நெப்போலியன் காலத்துக் குழப்பங்களுக்குப் பிறகு 1815-இல் நகரம் பிரஷ்யா என்ற பெரிய ஜெர்மானிய அரசின் கைக்குப் போனது. சுற்றியிருந்த சோல்ம்ஸ் இளவரசர்களின் நிலமும், நாசா என்ற சிற்றரசிடமிருந்து வந்த க்ரோஃப்டோர்ஃப் பக்கத்து ஊர்களும் அதோடு சேர்ந்தன. 1816-இல் வெட்ஸ்லார், பிரவுன்ஃபெல்ஸ் என்று இரண்டு மாவட்டங்களை அமைத்தார்கள். 1822-இல் இரண்டும் ஒன்றாகி வெட்ஸ்லார் மாவட்டம் ஆயின.

இதில் விசித்திரம், இந்த மாவட்டம் பிரஷ்ய நிலத்தோடு ஒட்டியே இருக்கவில்லை. மேற்கே நாசா, கிழக்கே ஹெஸ்ஸன்-டார்ம்ஸ்டாட் என்ற இன்னொரு அரசு, நடுவில் தீவு மாதிரி இது. ஆனாலும் ரைன் நதிக்கரையில் இருந்த கோப்ளென்ஸ் மண்டலத்தின் (மாவட்டங்களுக்கு மேலுள்ள நிர்வாகப் பிரிவு) கீழ் வைத்துவிட்டார்கள். 1866-இல் பிரஷ்யா நாசாவையே விழுங்கிய பிறகு, பக்கத்திலிருந்த ஹெஸ்ஸன்-நாசா மாகாணத்தோடு இதைச் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் சேர்க்க 1932 அக்டோபர் 1 வரை ஆனது. செலவைக் குறைக்கப் பிரஷ்ய அரசு மாவட்டங்களை மாற்றியமைத்தபோதுதான் அது நடந்தது. 1925-இல் லைக்கா கேமரா வெட்ஸ்லாரிலிருந்து சந்தைக்கு வந்தபோதுகூட அந்த ஊர் ரைன் மாகாணத்தில்தான் இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

1932-க்குப் பிறகு மாவட்டத்துக்கு மேலிருந்த மண்டலம் மாறிக்கொண்டே போனது: 1968 வரை வீஸ்பாடன், பிறகு டார்ம்ஸ்டாட். 1981 முதல் அந்தப் பகுதி முழுவதும் புதிதாக அமைத்த கீசென் மண்டலத்தில் இருக்கிறது. மாநிலம் ஹெஸ்ஸன் ஆனது 1945-இல். பழைய கோப்புகளைத் தேடும்போது இந்த ஆண்டுகளைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்.

பெரிய கூத்து 1977-இல். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் காஸலுக்கும் நடுவே பெரிய நகரம் ஒன்று வேண்டும் என்று ஹெஸ்ஸன் அரசு நினைத்தது. கீசென், வெட்ஸ்லார் என்ற இரண்டு நகரங்களையும் இடையிலும் சுற்றிலும் இருந்த 14 ஊர்களையும் சேர்த்து, நதியின் பெயரால் 'லான்' என்று ஒரே நகரமாக்கியது. மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். கீசென், வெட்ஸ்லார், டில் ஆகிய மூன்று மாவட்டங்களையும் கலைத்து லான்-டில் மாவட்டம் என்று பெயரிட்டார்கள். வெட்ஸ்லார் மாவட்டம் 1976 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது.

எனக்குக் கேட்டால், பரப்பளவைக் கூட்டிக் கழித்தவர்கள் வரலாற்றைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பேன். கீசென் பரம்பரையாக டார்ம்ஸ்டாட் பக்கம், பல்கலைக்கழக ஊர். வெட்ஸ்லார் பிரஷ்யப் பக்கம், கண்ணாடி வில்லையும் இரும்பும் செய்யும் தொழில் ஊர். இரண்டுக்கும் பெயரே போய்விட்டது. 1977 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் ஆளும் சமூக ஜனநாயகக் கட்சி அங்கே பலத்த அடி வாங்கியது. 1979 ஜூலை 31-ஆம் தேதி லான் நகரத்தைக் கலைத்தார்கள். ஆயுள் 31 மாதம். அந்த இடைவெளியில் பிறந்தவர்களின் தாள்களில் பிறந்த ஊர் 'லான்' என்று வரும், நதியின் பெயரைத் தவறாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே.

நீ கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 1-இல் கீசென் மாவட்டத்தை மறுபடி உருவாக்கியபோது பழைய கோட்டைத் திரும்பப் போடவில்லை. க்ரோஃப்டோர்ஃப்-க்ளைபர்க், லவுன்ஸ்பாக், விஸ்மார் மூன்றையும் சேர்த்து வெட்டன்பெர்க் என்ற ஊராட்சியாக்கிக் கீசெனோடு விட்டார்கள். பக்கத்துப் பீபர்டால் ஊராட்சியும் அப்படியே. மற்ற வெட்ஸ்லார் ஊர்களில் பெரும்பாலானவை லான்-டில் மாவட்டத்தில் தங்கின, வெட்ஸ்லார் அதன் தலைநகர் ஆனது. எனவே பழைய மாவட்டம் இன்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் சுலபம். ஒவ்வொரு துறையும் தனித்தனி வேகத்தில் நகர்ந்ததுதான் தேடுபவர்களைச் சுற்றவிடும். ஆட்சி கோப்ளென்ஸில் இருந்த காலத்திலேயே, 1879 முதல், வெட்ஸ்லார் நீதிமன்றத்தின் மேல்முறையீடு லீம்பர்க்குக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் போனது. இன்றும் வெட்ஸ்லாருக்கு மேல் லீம்பர்க்தான். புராட்டஸ்டன்ட் திருச்சபையோ 1932-ஐக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய வெட்ஸ்லார் மாவட்டத்துச் சபைகள், க்ரோஃப்டோர்ஃப் உட்பட, இன்றைக்கும் டுசெல்டார்ஃபில் தலைமையகம் உள்ள ரைன்லாந்துச் சபையைச் சேர்ந்தவை. 1816-இன் எல்லையை இன்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சபை வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். வண்டி எண்ணில் இன்னொரு வேடிக்கை: லான்-டில் மாவட்டத்துக்குக் கிடைத்த 'எல்' என்ற ஒற்றை எழுத்தை, ஜெர்மனி இணைந்ததும் லைப்சிக் வாங்கிக்கொண்டது. மாவட்டம் 1990 முதல் 'எல்டிகே' ஆனது. வெட்ஸ்லார்க்காரர்களுக்குப் பழைய 'டபிள்யூ-இசட்' 2012-இல்தான் திரும்பக் கிடைத்தது.

இனி உன் வேலை. பிரஷ்யாவில் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1874 அக்டோபர் 1 முதல். டார்ம்ஸ்டாட் பக்கத்தில் 1876 ஜனவரி 1 முதல். கொள்ளுத்தாத்தாவின் 1884 பதிவு அரசுப் பதிவேட்டில் இருக்கும். பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 கடந்ததும் பதிவாளர் கையிலிருந்து காப்பகத்துக்குப் போய்விடும். மூலப் பதிவேட்டுக்கு வெட்டன்பெர்க் ஊராட்சிக் காப்பகத்துக்கு எழுது. இரண்டாம் படியை மார்பர்க் அரசு ஆவணக் காப்பகத்தில் கேள், பல ஏடுகளை இணையத்திலும் ஏற்றியிருக்கிறார்கள்.

அவருடைய பெற்றோர் திருமணம் 1874-க்கு முந்தையது என்றால் சபை ஏடுதான். சபை ஏடுகளை இணையத்தில் காட்டும் ஆர்கியோன் தளத்தில் ஹெஸ்ஸன்-நாசா சபையின் கீழ் தேடிவிட்டு 'இல்லை' என்று கைவிடுபவர்கள் அதிகம். ரைன்லாந்துச் சபையின் கீழ் போய் வெட்ஸ்லாரைத் தேடு. மாவட்ட அலுவலகக் கோப்பு வேண்டுமானால் வீஸ்பாடன் மாநிலக் காப்பகம். 1932-க்கு முந்தைய மண்டலக் கோப்பு கோப்ளென்ஸில். டார்ம்ஸ்டாட் காப்பகத்துக்கு எழுதாதே, அங்கே இருப்பது பழைய கீசென் மாவட்டம்.

மின்னஞ்சலில் ஊர்ப்பெயரோடு 'அப்போது வெட்ஸ்லார் மாவட்டம், இன்று வெட்டன்பெர்க்' என்று இரண்டையும் எழுது. எழுத்துக்கூட்டலும் பார்: கோப்ளென்ஸையே 1926 வரை 'சி' போட்டுத்தான் எழுதினார்கள். பக்கத்து வால்ட்கிர்மெஸில் உறவினர் யாராவது வந்தால் கணக்கு வேறு: அந்த ஊர் 1866 வரை டார்ம்ஸ்டாட்டுக்குச் சொந்தம், 1932 வரை பீடென்கோப்ஃப் மாவட்டம், அதன் பிறகே வெட்ஸ்லார்.

பெற்றோர் பெயரும் தோராயமான திருமண ஆண்டும் கிடைத்ததும் அனுப்பு. ஜெர்மனில் விண்ணப்ப வாசகத்தை எழுதித் தருகிறேன். அண்ணிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
ரங்கன்