சகுரா இல்லாத மாதத்தில் ஓஹோரி பூங்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு தடவை படித்துவிட்டோம். டோக்கியோவும் கியோட்டோவும் கண்முன் வந்து நின்றன. ஆனால் சகுரா என்ற செர்ரிப் பூ பூக்கும் நாட்கள் முடிந்துவிட்டால் பூங்காக்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய், அக்டோபர் கடைசியிலிருந்து ஆறு வாரம் தங்கியிருந்தேன். சகுரா மரங்கள் இலை பழுத்து நின்ற நேரம். மழை கொட்டிய நாட்களை விட்டால், ஓஹோரி பூங்காவுக்குப் போகாத நாளே கிடையாது.

நடுவில் பெரிய நீர்நிலை. குளம் என்பார்கள், நம் கண்ணுக்கு ஏரிதான். சுற்றி வந்தால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நடப்பவர்களுக்கு ஒரு தடம், ஓடுபவர்களுக்கு ஒரு தடம், சைக்கிளுக்கு ஒரு தடம் என்று பாதையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓடும் தடத்தில் காலுக்கு மெத்தென்று இருக்கும் ரப்பர் தளம். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். பின்னால் யார் வந்து இடிப்பார்களோ என்ற பயமில்லாமல், என் வேகத்தில், உட்கார்ந்து எழுந்து ஒரு முழுச் சுற்று வர முடிந்தது. வெளியூரில் ஒரு வயதானவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த வயதில் இருப்பவர்களுக்குப் புரியும்.

காலையில் ஒரு தாத்தா தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவார். கரையோரத்தில் ஒரு வில்லோ மரத்தடியில் நிறுத்தி, நாற்காலியைத் தண்ணீர் பக்கம் திருப்பி, சக்கரத்தின் பிரேக்கைப் போடுவார். போட்ட பிறகும் ஒரு தடவை அசைத்துப் பார்ப்பார். அப்புறம் அந்த அம்மாளின் கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். இருவரும் பேசி நான் பார்த்ததில்லை. வாத்துகள் வரிசையாக நீந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து எனக்கும் தலை தாழ்த்தி வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். பூ பூத்தால் மட்டும் வருகிறவர்கள் இல்லை இவர்கள்.

ஓஹோரி என்றால் ‘பெரிய அகழி’ என்று பொருள். 1600களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியை ஆண்ட குரோதா நாகமாசா ஃபுகுவோகா கோட்டையைக் கட்டியபோது, ஹகாதா வளைகுடாவின் தண்ணீர் உள்ளே புகுந்து கிடந்த உப்பங்கழியையே கோட்டைக்கு அகழியாக ஆக்கிக்கொண்டார். எதிரி உள்ளே வராமல் தடுக்க இருந்த தண்ணீர் அது. 1927-இல் அந்த இடத்தில் பெரிய தொழில் கண்காட்சி ஒன்று நடந்தது. கண்காட்சி முடிந்ததும் இடத்தைக் கூறுபோட்டு விற்காமல் பூங்காவாக்கி, 1929-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மகன் இதைச் சொன்ன அன்று நான் அந்தக் கரையை வேறு கண்ணோடு பார்த்தேன்.

தண்ணீருக்கு நடுவே தீவுகள், அவற்றைக் கோத்துப் போகும் பாலங்கள். சீனாவின் மேற்கு ஏரியை மனதில் வைத்து அமைத்தது என்கிறார்கள். கரையிலேயே 1979-இல் திறந்த கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டடம் மயேகாவா குனியோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. வெளியே ஓவியரும் சிற்பியுமான குசாமா யாயோயின் கரும்புள்ளி வைத்த மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பம் நிற்கிறது. சிறு கட்டணம் கொடுத்தால் ஜப்பானியத் தோட்டத்துக்குள்ளும் போகலாம். இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நடைபாதைதான் பூங்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முதல் தேதி இங்கே நடந்துவந்த வாணவேடிக்கை ஊரறிந்தது. கூட்டம் தாங்காமல், பாதுகாப்பு கருதி, 2018-ஆம் ஆண்டோடு அதை நிறுத்திவிட்டார்கள். வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர் என்று மகனின் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். அவரும் தினமும் நடக்க வருகிறவர்தான். திருவிழா போனது, நடை போகவில்லை. ஒரு பூங்காவைப் பருவத்தை வைத்தும் விசேஷத்தை வைத்தும் மட்டும் எடைபோடக் கூடாது என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

அடுத்த முறை ஜப்பான் பற்றி வெளியிடும்போது இந்த ஊருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். போகிறவர்களுக்கு வழி சுலபம்: ஃபுகுவோகா விமான நிலையத்தில் ஏறினால் மெட்ரோவில் மாறவே வேண்டாம், பூங்காவின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடை. பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது. காலை ஏழு மணிக்குள் போகச் சொல்லுங்கள். அந்த வில்லோ மரத்தடி பெஞ்சு அப்போதுதான் காலியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி