அடைப்பு எங்கே என்று பார்ப்பவரைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தால் தெருவில் தேங்கும் தண்ணீரைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும், கழிவுநீர் போகும் ஜலதாரையைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. மூன்று மாதம் அவதிப்பட்டவள் என்பதால் நான் எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கிறோம். குளியலறைத் தண்ணீர் வடியாமல் கணுக்கால் அளவுக்கு நிற்க ஆரம்பித்தது. என் மாமியாருக்கு 83 வயது. அந்தச் சோப்புத் தண்ணீரில் அவர் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

முதலில் வந்த பிளம்பர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆசிட்டை ஊற்றிவிட்டு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் வடிந்தது, பிறகு பழையபடி நின்றது. இரண்டாமவர் தரையைத் தட்டிப் பார்த்து, குழாய் இறங்கிவிட்டது, டைல்ஸை உடைத்தால்தான் ஆகும், 18,000 ரூபாய் செலவாகும் என்றார். நாங்களும் சரி என்று சொல்ல இருந்தோம்.

அதற்குள் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு பெரியவரை அனுப்பினார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "எந்த நேரத்தில் அதிகமாக நிற்கிறது அம்மா?" என்று கேட்டார். காலை எட்டு, ஒன்பது மணிக்கு என்றேன். "சிங்க்கில் தண்ணீர் விட்டால் குளியலறையில் சத்தம் கேட்கிறதா?" கேட்டது. களக் களக் என்று தினமும் கேட்டும், அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் நின்றால் தண்ணீர் இறங்கும் துளைமேல் இருக்கும் சல்லடை மூடியான ஜாலிக்கு அடியிலோ, அதற்குக் கீழே தண்ணீர் தங்கும் வளைவான டிராப்பிலோ முடி, சோப்பு அடைத்திருக்கும், அதை நாமே எடுத்துவிடலாம். இரண்டு இடத்தில் சேர்ந்து நின்றால் இரண்டும் சேரும் குழாயில்தான் கோளாறு என்றார். மாடி வீடுகளில் எல்லோரும் குளித்துத் துவைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஏறுகிறது என்றால், கோளாறு எங்கள் தரைக்கு அடியிலேயே இல்லை.

நேரே பக்கச் சந்துக்குப் போய், கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தரைத் தொட்டிகளான சேம்பர்களின் மூடிகளைத் திறந்தார். முதல் சேம்பர் விளிம்புவரை நிரம்பி நின்றது. அடுத்ததில் அடித்தளம் தெரிந்தது. "இந்த இரண்டுக்கும் நடுவில்தான்" என்றார். ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தபோது வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெழுகுபோல் வெளுத்த எண்ணெய்க் கட்டி. அதற்குள் தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள், கிழிந்த ஷாம்பு பாக்கெட் ஒன்று. போர் தண்ணீரின் கடினத்தன்மை சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடாகிறது. அதன்மேல் ஆறு வீட்டு அப்பள எண்ணெயும் இறங்கினால் வேறு என்ன ஆகும்? பிறகு மஞ்சள் தூள் கரைத்து எங்கள் சிங்க்கில் ஊற்றச் சொன்னார். சற்று நேரத்தில் இரண்டாவது சேம்பரில் மஞ்சள் ஓடியது. எங்கள் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

ஆசிட் விஷயத்தில் வாசகர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குளியலறையில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு வரும். அடைப்பு நீக்கும் பொடிகள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஊற்றியும் அடைப்பு விடவில்லை என்றால் அது குழாயிலேயே தேங்கி நிற்கும், அடுத்து வரும் பிளம்பரின் கை அதற்குள்தான் போகும். எதை ஊற்றினோம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வாசல் பக்கத்துக் கடைசி சேம்பரும் நிரம்பி நின்றால், அடைப்பு தெருவில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பிளம்பருக்குச் செலவழிக்காமல் 1916 என்ற எண்ணில் குடிநீர் வாரியத்திடம் புகார் பதிவு செய்யலாம். மழைநீர் வடிகால் என்றால் அது மாநகராட்சியின் பொறுப்பு, அதற்கு 1913. மழையில் தெரு நிரம்பியதும் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்களே, அந்தத் தண்ணீரும் குப்பையும் எங்களைப் போன்ற தரைத்தள வீடுகளில்தான் எதிர்த்து ஏறுகின்றன. எந்த அவசரத்திலும் ஓர் ஆளைச் சாக்கடைக்குள் இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்திவிடும்.

நல்ல பிளம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். உடைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் சேம்பரைத் திறந்து பார்க்கிறாரா, கூலியை முன்பே சொல்கிறாரா, வெளியே எடுத்ததை நம்மிடம் காட்டுகிறாரா என்று பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதும் அவ்வளவே முக்கியம்.

பெரியவர் 800 ரூபாய் கேட்டார். "அரை மணி நேர வேலைக்கா?" என்று மாடி வீட்டுக்காரர் பேரம் பேசியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. 18,000 ரூபாய்க்குத் தரையை உடைக்கத் தயாராக இருந்த குடியிருப்பு இது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு. நான் முழுத்தொகையையும் கொடுத்தேன்.

போகும்போது என் பேத்தியின் நோட்டில் ஒரு தாள் வாங்கி, சேம்பர்களையும் எந்த வீட்டுக் குழாய் எதில் சேர்கிறது என்பதையும் படமாக வரைந்து கொடுத்தார். மின்மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் அதை ஒட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33