பழுதுபார்க்கும் வேலைக்கும் மாதிரி ஒப்பந்தம் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் மாடிக் குளியலறையைப் புதுப்பிக்க வந்த ஒப்பந்தக்காரர் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கினார். நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு அடித்ததும், தரையில் ஒரு நாளாவது தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். இப்போது கீழ்வீட்டுக் கூரையெல்லாம் ஈரம். கேட்டால், "அதெல்லாம் பேசவே இல்லையே அக்கா" என்கிறார்.

வீடு, மனை விற்பனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், விற்பனை நோக்கமில்லாத பழுதுபார்ப்பு வேலைகளுக்குப் பதிவு கேட்பதில்லை; அதனால் அந்த வழி எங்களுக்கு இல்லை. நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்துச் செய்த வேலை பற்றிப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. சரி, கையில் ஒரு தாள்கூட இல்லாமல் அங்கே எதை நீட்டுவது? வேலை விவரம், பொருள்களின் தரம், தவணை, கசிந்தால் யார் பொறுப்பு என எல்லாம் அடங்கிய ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தை அரசே தமிழில் வெளியிட வேண்டும்.

— வாசகி, மதுரை