சமதரைதானே என்று கிளம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூத்தோருக்கான நடைப்பயிற்சி பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரொறன்ரோவில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் போகும் மார்ட்டின் குட்மன் பாதையைப் பற்றி, "மேடுபள்ளம் இல்லை, யாரும் நடக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். (ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவரின் பெயரைத்தான் அந்தப் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். அதையாவது சொல்லியிருக்கலாம்!) மேடுபள்ளம் இல்லை என்பது சரி. யாரும் நடக்கலாம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் முதியோர் குழு இந்தக் கோடையில் மேற்கே ஹம்பர் ஆற்று வளைவுப் பாலத்திலிருந்து கிழக்கே பீச்சஸ் பகுதியின் கடைசியில் இருக்கும் ஆர். சி. ஹாரிஸ் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வரை ஒரே நாளில் நடக்க ஆயத்தமாகிறது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர். திட்டம் போடும் பொறுப்பு என் தலையில். மணிக்கு 4 கிலோமீட்டர் போனாலே எங்களுக்குப் பெரிய காரியம். அதுவே ஐந்து மணித்தியாலம். சாப்பாடு, இளைப்பாறல், ஊர்க்கதை எல்லாம் சேர்த்தால் ஏழு. ஆகவே காலை எட்டு மணிக்குப் பாலத்தடியில் நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முணுமுணுப்பு இப்போதே தொடங்கிவிட்டது.

அந்தக் கரையின் பெரும்பகுதி மனிதர் மண் கொட்டி நிரப்பியது. இப்போது கரையை விட்டு உள்ளே இருக்கும் ஃபிரண்ட் ஸ்ட்ரீட் வரை முன்பு ஏரி இருந்தது. அதனால்தான் பாதை மேசை மாதிரி கிடக்கிறது. ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில் தசைகள் மாறி மாறி வேலை செய்யும். இங்கே மணிக்கணக்காக ஒரே தசை, ஒரே மூட்டு, பாதத்தில் ஒரே இடம். அதுவும் பெரும்பாலும் தார். சன்னிசைடிலும் பீச்சஸிலும் மரப்பலகை நடைபாதை இருக்கிறது. முழங்கால் நோகிறவர்கள் அந்த இடங்களில் தாரை விட்டுப் பலகைக்கு ஏறிவிட வேண்டும். புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று குழுவில் பெரிய விவாதம். நான் மேற்கிலிருந்து கிழக்கு என்கிறேன். இங்கே பெரும்பாலும் மேல்காற்று, முதுகில் படும். அதைவிட முக்கியம், நாங்கள் எல்லோரும் நகரின் கிழக்கே இருக்கும் ஸ்காபரோக்காரர். காலையில் கால் உறுதியாக இருக்கும்போது கென்னடியிலிருந்து சுரங்க ரயிலில் ஓல்ட் மில் வரை போய் பஸ் மாறலாம். பின்னேரம் களைத்துப்போய் நிற்கும்போது வீடு கிட்ட இருக்க வேண்டும். பீச்சஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மெயின் ஸ்ட்ரீட் நிலையம், பிறகு கென்னடி.

தூரத்தை வைத்து நான் திட்டம் போடவில்லை, எங்கே நடையை விட்டுவிட்டு வண்டி ஏறலாம் என்பதை வைத்துத்தான் போட்டேன். சன்னிசைடில் நெடுஞ்சாலைக்கு மேலால் நடைபாலம் இருக்கிறது, ஏறிக் கடந்தால் குயின் ஸ்ட்ரீட்டில் ஓடும் ஸ்ரீற்கார் (தெரு ரயில்). எக்ஸிபிஷன் மைதானப் பக்கம் ஸ்ரீற்காரும் கோ என்கிற புறநகர் ரயிலும். குயின்ஸ் கீயில் ஸ்ரீற்கார் பக்கத்திலேயே ஓடும், யூனியன் ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். சுகர் பீச் தாண்டினால் செரி ஸ்ட்ரீட், துறைமுகப் பக்கம், லொறிகள், களஞ்சியங்கள். இடையில் உட்காரவும் வழியில்லை, விட்டுவிட்டு ஏறவும் வழியில்லை. ஆகவே சாப்பாடு குயின்ஸ் கீயில். சாப்பிட்டு முடித்த கையோடு ஒவ்வொருவரும் தன் காலைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் துண்டை ஸ்ரீற்காரில் தாண்டி வுட்பைன் கடற்கரையில் மறுபடி சேர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் சேரலாம். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஏரிக்கரைப் பொழுதுபோக்கு இடமான ஒன்ராறியோ பிளேஸின் மேற்குத் தீவு 2024 இலிருந்து மூடிக் கிடக்கிறது. கட்டட வேலை நடப்பதால் அந்தப் பக்கம் பாதை மாறலாம், போகுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சற்று முன்னால் மரிலின் பெல் பூங்கா. 1954 செப்டெம்பரில் 16 வயதில் இந்த ஏரியை முதன்முதலில் நீந்திக் கடந்த பிள்ளையின் பெயர். அமெரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 21 மணித்தியாலம். எட்டு மணிக்கு வரச் சொன்னதற்கு முணுமுணுத்தவர்களுக்கு இந்தக் கதையை அங்கே வைத்துச் சொல்வதாக உத்தேசம்.

குயின்ஸ் கீயில் நடப்பவர்களுக்குக் கருங்கல் பதித்த நடைபாதை வேறு, சைக்கிளுக்கு வேறு. மற்ற இடங்களில் பெரும்பாலும் சைக்கிள்காரரோடு பாதையைப் பங்கிட வேண்டும். நாங்களோ நான்கு பேர் பக்கம் பக்கமாகக் கதைத்துக்கொண்டு போகிற சாதி. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நடக்கக்கூடாது, வலப்பக்கம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மே மாதத்தில் போகலாம் என்றவர்களுக்கு ஒரு சொல். குளிர்காலத்துக் குளிரை ஏரி இலேசில் விடாது. ஸ்காபரோவில் அரைக்கை போதுமாக இருக்கிற நாளில் கரையில் ஜாக்கெட் தேவைப்படும். ஜூலை நடுவில் நிழல் இல்லாமல் வெந்துபோவோம். நான் ஜூன் முதல் பாதி அல்லது செப்டெம்பர் என்கிறேன். குழுவில் முக்கால்வாசிப் பேருக்குச் சீனி வருத்தம். அவரவர் குளிசை, குளுக்கோஸ், தண்ணீர் அவரவர் பையில்தான். எல்லாவற்றையும் ஒருவர் சுமந்துகொண்டு முன்னால் போய்விட்டால் பின்னால் வருகிறவர் பாடு என்ன?

கடைசியாக, வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு எல்லோரும் விழுங்கிவிடுகிற விஷயம், கழிப்பறை. பிரஷர் குளிசை போடுகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. பூங்காக் கழிப்பறைகள் பல மே மாதமளவில் திறந்து ஒக்டோபரில் மூடுகிறவை, குளிர்காலத்திலும் திறந்திருப்பவை சில. தண்ணீர்க் குழாய்களும் அப்படித்தான். ஏப்ரலில் நல்ல வெயிலைப் பார்த்து மயங்கிப் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நிற்கும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதனாலேயே வீட்டில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள், அது நடையைவிட ஆபத்து.

20 கிலோமீட்டர் வேண்டாம், பழகினால் போதும் என்கிறவர்கள் ரூஜ் ஹில் கோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே போர்ட் யூனியன் ஏரிக்கரையில் நடக்கலாம். ஸ்காபரோவில் பிளஃப்ஸ் பக்கம் 90 மீற்றர் வரை உயர்ந்த மண்மலை, ஏரியோரமாக நேரே நடந்து போக விடாது. இது அதற்குக் கிழக்கே, சமதரை. நாங்களும் சனிக்கிழமைகளில் அங்கேதான் பழகுகிறோம்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது கழிப்பறைகள் எங்கே, எந்த மாதம் திறக்கும், எந்தத் தரிப்பில் ஸ்ரீற்கார் ஏறலாம் என்று ஒரு பெட்டிச் செய்தியும் சேர்த்துப் போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வெட்டிப் பையில் வைத்துக்கொள்ள வசதி.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஸ்காபரோ